நாற்பத்தெட்டில் பதினேழு

கச்சேரியடிக் கந்தோரில்
எனக்கும் சுகிர்தாவுக்கும் ஒரே மேசை, ஒரே காற்றாடி.
அது அவள் பக்கம் திரும்பும்போது
என் கடிதங்கள் அடங்கிக் கிடக்கும்.
என் பக்கம் திரும்பும்போது
அவளுடைய படிவங்கள் மூச்சு விடும்.

நான் காசு கேட்பவன்.
மொன்றியலுக்கு எழுதுவேன், சூரிச்சுக்கு எழுதுவேன்,
ஊர்ச் சங்கங்களுக்குத் தைப்பொங்கலுக்கு முதல் எழுதுவேன்.
தொகை கூடிவிட்டால் நான் முதலில் வெட்டும் வரி
சுகிர்தாவின் வள்ளக் கூலி.

"அனலைதீவில் நாற்பத்தெட்டு மழைநீர்த் தாங்கிகள்"
என்று போன வருசம் எழுதியபோது
அந்த எண்ணின்மேல் எனக்குக் காதலே வந்தது.
ஒவ்வொரு தாங்கிக்கும் ஒரு படம்,
படத்தில் ஒரு பிள்ளை,
பிள்ளையின் கையில் வெறும் குவளை.
வெறுமை படத்தில் தெரியாது.

காண்டாவனம் தொடங்கி மூன்றாம் நாள்
சொந்தக் காசில் புறப்பட்டாள்.
ஊர்காவற்றுறை வரை பஸ், பிறகு வள்ளம்.
திரும்பி வந்தபோது புருவத்தில் உப்பு.
ஒரு செம்பு தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுச் சொன்னாள்:
"பதினேழு."

மிச்சம்?

பன்னிரண்டில் வெடிப்பு.
பதினொன்றில் குழாய் உடைந்து துணி அடைத்திருக்கிறது.
ஆறு வீட்டுக்குப் பீலியே போய்ச் சேரவில்லை;
தாங்கி ஒரு பக்கம் நிற்கும், மழை ஒரு பக்கம் விழும்.
ஒன்றில் நெல்.
மூடி இல்லாத ஒன்றில் அடைக்கோழி, எட்டு முட்டை.

பவளமக்கா சொன்னாவாம்:
"தம்பிமார் வந்து படம் எடுத்தவை.
தண்ணி நிக்குதோ எண்டு கேட்டு வந்தது
நீ ஒராள்தான், பிள்ளை."

"கட்டினது நாற்பத்தெட்டு. அது பொய்யில்லையே"
என்றார் பணிப்பாளர் பிறேமராஜன்.
பொய்யில்லைத்தான்.

அன்றிரவு இரண்டு கடிதம் எழுதினேன்.
நாற்பத்தெட்டின் கடிதம் வழுவழுவென்று முடிந்தது.
ஆனால் எல்லாம் நிறைந்த அந்தக் கடிதத்தில்
கேட்பதற்கு எதுவும் இல்லை,
இன்னுமொரு நாற்பத்தெட்டைத் தவிர.

பதினேழின் கடிதம் வரிக்கு வரி நொண்டியது.
ஒவ்வொரு நொண்டலுக்கும் ஒரு விலை இருந்தது:
பித்தளைக் குழாய் இவ்வளவு,
பீலி அடிக்கு இவ்வளவு.
அவள் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒன்று கிடந்தது:
தண்ணீர் நின்ற பதினேழும் அன்ரன் மேசன் கட்டியவை.
அவன் தீவிலேயே இருப்பவன்.
கசிந்தால் நடந்து வந்து பார்ப்பான்.
மற்றவர்கள் கொந்தராத்துக்காரன் கொண்டுவந்த ஆட்கள்,
கடைசி வள்ளத்தோடு போய்விட்டவர்கள்.

இப்படியொரு வரியை
எந்தப் புரொபோசலிலும் நான் எழுதியதில்லை.
எழுத எனக்குத் தெரிந்திருக்கவும் இல்லை.

இரண்டாவதைத்தான் அனுப்பினேன்.
சூரிச் சங்கம் ஒரு வரியில் கைகழுவியது.
அந்த மாதம் எங்கள் இருவருக்கும் அரைச் சம்பளம்.
பிறேமராஜன் என்னோடு பேசவில்லை.

ஆனியில் மொன்றியல் வைத்தியரிடமிருந்து பதில்.
முதல் கேள்வி:
"அந்தக் கோழி குஞ்சு பொரித்ததா?"
கீழே, பதினொரு குழாய்க்கும் ஆறு பீலிக்கும் காசு.
அன்ரன் மேசனுக்கு ஒரு மாதக் கூலி.
அதற்கும் கீழே:
"அடுத்த வைகாசியிலும் அந்தப் பிள்ளையை அனுப்புங்கோ.
வள்ளக் கூலியும் இதுக்குள்ளதான்."

சத்தமாக வாசித்தேன்.
சுகிர்தா நிமிரவில்லை.
"எட்டில் ஐந்து" என்றாள்.
குஞ்சுகளையும் எண்ணி வைத்திருந்தாள்.

இன்று ஐப்பசி அடைமழை.
கந்தோர்க் கூரையும் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.
புதுக் கடிதம் பாதியில் நிற்கிறது.
எண் வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறேன்.
"எத்தனை வரும்?" என்று கேட்டால்
வாளியை நகர்த்திக்கொண்டு சொல்கிறாள்:
"போய்ப் பார்த்திட்டுச் சொல்றன்."